திரும்பும் நேரம் மாலை ஐந்து

இரண்டாவது காபி வரப்போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு காலையில், ஆஞ்சப்பன் வாழ்க்கையிலேயே பெரிய முடிவை எடுத்தார். பெண்டாட்டியை ஒரு மாதம் தவிக்க விடுவது என்பதுதான் அந்த முடிவு.

உடனே அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஈ, எறும்புக்குக்கூட அவர் தீங்கு செய்ததில்லை. பாஸ் இல்லாமல் வெளியே விட்டதில்லை, அவ்வளவுதான். ஓசூர் மூக்கண்டப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவர். கேட்டை ஒட்டி, கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் அவருடைய நாற்காலி. எவன் எப்போது உள்ளே வந்தான், எவன் எத்தனை நிமிஷம் லேட் என்பதுதான் அவருடைய உலகம். ஷிப்ட் நடுவில் வெளியே போக வேண்டுமானால் அவுட்பாஸ் வேண்டும். அதில் காரணம் இருக்க வேண்டும், மேலாளர் கையெழுத்து இருக்க வேண்டும், திரும்பும் நேரம் இருக்க வேண்டும். 'சொந்த வேலை' என்று எவனாவது எழுதிக்கொண்டு வந்தால், ஆஞ்சப்பன் சிவப்புப் பேனாவை எடுத்து 'காரணம் போதாது' என்று குறுக்கே எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார். சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே, இன்றைக்கு எத்தனை பேரைத் திருப்பினேன் என்று சரசம்மாவுக்குச் சொல்லுவார். இருபத்தாறு வருஷத்தில் அவர் மனைவியிடம் விஸ்தாரமாகப் பேசியது இந்த ஒரு விஷயம்தான்.

ஐம்பத்தெட்டு முடிந்ததும் மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதை முன் அறையில் மாட்டினார். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

எழுந்து எங்கே போவது? தெருவில் பாதிப் பேர் அவரால் அரை நாள் சம்பளம் இழந்தவர்கள். அவர் தலை தெரிந்தால் பீடியைக் கீழே போட்டுவிட்டு வேறு சந்தில் திரும்புவார்கள். ஒரே மகன் புனேயில் வேலையாக இருக்கிறான். மாதம் ஒரு கடிதம் வரும், அதில் முக்கால்வாசி அங்கே பெய்யும் மழை. சரசம்மாவுக்குப் பிறந்த ஊர் பாகலூர். இடது பக்கத்து வீட்டோடு தெலுங்கு, வலது பக்கத்து வீட்டோடு கன்னடம், காய்கறிக்காரியோடு இரண்டும் கலந்து என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பாள். வீட்டுக்குள் வந்தால் தமிழ். அதுவும் இரண்டு வார்த்தை.

"சாப்புடறீங்களா?"

"உம்."

ஒரு நாள் மூன்றாவது வார்த்தையும் வந்தது.

"ஏங்க, ஏ ஷிப்டு, பி ஷிப்டு, சி ஷிப்டுன்னு மூணு ஷிப்டும் வூட்டுலயே இருந்தா எப்பிடிங்க? ஒரு ஷிப்டாச்சும் வெளிய போயிட்டு வாங்களேன். கூட்டறதுக்குக்கூட நாற்காலிய நகுத்த முடியல."

ஆஞ்சப்பனுக்குச் சுருக்கென்று தைத்தது. நான் இல்லாவிட்டால் இவளுக்குத் தெரியும் என்று நினைத்தார். அப்படி நினைக்காத புருஷன் உலகத்தில் இல்லை. பாகலூர் ரோட்டில் புதிதாக ஒரு முதியோர் இல்லம் திறந்திருப்பதாகப் பேப்பரில் படித்திருந்தார். அங்கே போகிறேன் என்றால் முதலில் அழுவாள். பிறகு காலைப் பிடிப்பாள். பிடித்தாலும் விடாமல் ஒரு மாதம் போய் இருக்க வேண்டும். அதற்குள் நாலு தடவை வந்து கூப்பிடுவாள். ஐந்தாவது தடவை பெரிய மனசு பண்ணித் திரும்பி வரலாம். அழுகைக்கு ஒரு பதில், காலைப் பிடித்தால் ஒரு பதில், 'ஏன்' என்று கேட்டால் மூன்று பதில் என்று எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"ஏம்மே, நான் முதியோர் இல்லத்துக்குப் போலாம்னு இருக்கறேன்."

சரசம்மா முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எப்ப?" என்றாள்.

'எப்ப'வுக்கு ஆஞ்சப்பனிடம் பதில் இல்லை.

"எப்பன்னா... ஒண்ணாந்தேதி வாக்குல."

"ஒண்ணாந்தேதியேவா? தோதாதான் இருக்குது. அட்வான்ஸ் எவ்ளோ கேக்கறாங்களாம்?"

"அது போய்க் கேட்டாத்தான் தெரியும்."

"ஒரே எடத்தப் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. ஒரு பொடவ எடுக்கவே நாலு கட ஏறி எறங்கறோம். நாளைக்குப் போயி மூணு எடமாச்சும் பாத்துட்டு வருவோம்."

'வருவோம்' என்றதில் ஆஞ்சப்பனுக்கு ஒரு சின்ன ஆறுதல். கூட வருகிறாள். இடத்தை நேரில் பார்த்தால் மனசு உடையும். அங்கேயே அழுவாள்.

முதலில் அத்திப்பள்ளிப் பக்கம், கர்நாடக எல்லைக்கு அந்தப் புறம் ஒன்று. பளபளவென்று இருந்தது. மாதக் கட்டணம் கேட்டபோது ஆஞ்சப்பனுக்கே கண்ணில் நீர் வந்தது. சரசம்மா அழவில்லை. இரண்டாவது கிருஷ்ணகிரியில். மலை அடிவாரம், நல்ல காற்று, கட்டணமும் சல்லிசு. ஆனால் கூடத்துக் கடிகாரம் இருபது நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. "நேரம் தெரியாத எடத்துல மனுசன் இருப்பானா?" என்று ஆஞ்சப்பன் அதைத் தள்ளிவிட்டார். போகவர பஸ்ஸுக்கே அரை நாள் ஆனதில் சரசம்மாவுக்கும் அது பிடிக்கவில்லை.

மூன்றாவது பாகலூர் ரோட்டு இல்லம். பத்து அறை, பதினெட்டுப் பேர், முன்னால் நாலு மாமரம், பெரிய இரும்பு கேட். மேனேஜர் திம்மராயன் நாற்பது வயது ஆள். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற முகம்.

"அட்வான்ஸ் பத்தாயிரம், மாசம் ஆயிரத்து இருநூறு ஆவுது சார்," என்றான்.

ஆஞ்சப்பன் வாயைத் திறப்பதற்குள் சரசம்மா தெலுங்கில் ஆரம்பித்துவிட்டாள். பேச்சு பாகலூர் வழியாகப் போய், திம்மராயனுடைய மாமியார் ஊரைத் தொட்டு, அவன் சின்னம்மாவைச் சரசம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்ற இடத்தில் முடிந்தபோது கட்டணம் ஆயிரமாகியிருந்தது. வெந்நீர் தனிக் காசு இல்லை. வாரத்தில் இரண்டு நாள் ராகிக் களி உண்டு. அதற்கப்புறமும் அவள் விடவில்லை. தொள்ளாயிரத்துக்கு வந்தது. அங்கே டக்கென்று நிறுத்திக்கொண்டாள். இன்னும் ஐம்பது குறைத்திருக்கலாமே என்று ஆஞ்சப்பனுக்கே தோன்றியது.

"மாசா மாசம் பணம்?" என்று திம்மராயன் தமிழுக்கு வந்தான்.

"அத நான் பாத்துக்கறேன்," என்றாள் சரசம்மா.

"நடுவுல போனா அட்வான்ஸ்ல பாதி பிடிச்சிக்குவோம் சார். பதினோரு மாசம் இருக்கணும்."

ஒரு மாதத்துக்கு என்று சொல்ல ஆஞ்சப்பன் வாயெடுத்தார். சரசம்மா பக்கத்தில் நின்றதால் சொல்ல முடியவில்லை. படிவத்தில் 'பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் சரசம்மா நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். அப்போதும் அழவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒண்ணாந்தேதி ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு போர்வை, சிவப்புப் பேனா சகிதம் ஆஞ்சப்பன் குடியேறினார். ஏழாம் நம்பர் அறை. கூட இருந்தவர் முனிசாமி என்ற பெரியவர். ஐந்து ஏக்கர் கொள்ளும் ராகியும் போட்டவர். நிலம் கம்பெனிக்குப் போனது, பணம் பையன்களுக்குப் போனது, அவர் இங்கே வந்து சேர்ந்தார். பையன்கள் இரண்டு பேரும் பாகலூரிலேயே இருக்கிறார்கள். நடந்தால் அரை மணி நேரம்.

"அந்தா செவுரு தெரியிதா? அதுக்கு அந்தாண்டதான் நம்ம காடு," என்று முனிசாமி தினம் காலையில் காட்டுவார். மத்தியானமும் காட்டுவார்.

முதல் வாரம் ஆஞ்சப்பன் மாமரத்தடியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தார். பஸ் நின்றால் எழுந்து நிற்பார். இறங்குகிறவர்கள் எல்லாம் வேறு யாரோவாக இருப்பார்கள். வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதாவது அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டுத் தெலுங்கு கேட்கும். அது அவரிடம் பேசிய பேச்சு இல்லைதான். ஆனாலும் அது இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சரசம்மா வந்தாள். நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்தாள். கட்டிலை அமுக்கிப் பார்த்தாள், தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள்.

"மொகம் தெளிஞ்சிருக்குதே," என்றாள்.

"எங்கடி தெளிஞ்சிருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. வரட்டுங்களா? பஸ்ஸு வந்துரும்."

வந்த நேரம் பத்து பத்து. போன நேரம் பத்து முப்பது. ஆஞ்சப்பன் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை முனிசாமியைக் காணவில்லை. இல்லமே கலங்கிப்போனது. திம்மராயன் மொபெட்டை எடுத்துக்கொண்டு எட்டுத் திக்கும் சுற்றி, கடைசியில் கெலவரப்பள்ளி அணைக்கட்டில் கண்டுபிடித்தான். பெரியவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாராம்.

"ஏதாச்சும் ஆகியிருந்தா என் கதி என்ன சார்?" என்று திம்மராயன் ஆஞ்சப்பனிடம் வந்து கிட்டத்தட்ட அழுதான்.

ஓய்வு பெற்ற பிறகு ஆஞ்சப்பனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஒரு குயர் பேப்பரும் ஸ்கேலும் கொண்டா," என்றார்.

இரண்டு நாள் அவர் ராகிக் களியைக்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை. கோடு போட்டார், கட்டம் போட்டார். அவுட்பாஸ் பிறந்தது. பெயர், அறை எண், வெளியே போகும் காரணம், போகும் நேரம், திரும்பும் நேரம், பொறுப்பாளர் கையெழுத்து. பொறுப்பாளர் கையெழுத்து இல்லாமல் யாரும் கேட்டைத் தாண்டக்கூடாது. காரணம் போதுமானதாக இல்லை என்றால் பொறுப்பாளர் பாஸைத் திருப்பி அனுப்பலாம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் லேட்டாக வந்தால் அடுத்த பாஸ் அரை நாள்தான். திம்மராயன் ஓசூரில் அச்சடித்துக்கொண்டு வந்தான். நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

வாட்ச்மேன் நல்லுசாமிக்கு ஆஞ்சப்பனே இரண்டு மணி நேரம் பயிற்சி கொடுத்தார்.

"யாரு வந்தாலும் என்ன கேப்ப?"

"பாஸு கேப்பேன் சார்."

"மேனேஜருக்குத் தெரிஞ்சவங்கன்னா?"

"பாஸு கேப்பேன் சார்."

"நானே வந்தா?"

நல்லுசாமி தயங்கினான்.

"நானே வந்தாலும் கேக்கணும்யா! மொகத்தப் பாக்கக் கூடாது. பேப்பரத்தான் பாக்கணும்."

"சரிங்க சார்."

அன்று சாயங்காலம் முனிசாமி கேட்டுக்கு உள்ளே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய பையன்கள் கையெழுத்துப் போட வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆஞ்சப்பனைப் பார்த்துக் கோபிக்கவில்லை.

"நீ போட்டதாப்பா இந்தப் பூட்டு?" என்று மட்டும் கேட்டார்.

ஆஞ்சப்பனுக்கு அன்றைக்குக் கிடைத்த சந்தோஷத்தில் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் விதி விதிதான் என்று தேற்றிக்கொண்டார்.

இரண்டாவது ஞாயிறு சரசம்மா வரவில்லை. பத்து பத்து பஸ் போனது, பதினொன்றரை பஸ் போனது, ஒன்றேகால் பஸ் நிற்காமலேயே போனது. உடம்புக்கு என்னவோ என்று நினைத்தார். பிறகு, உடம்பு சரியில்லாமல் வராமல் இருந்தால் தேவலை, மறந்துபோய் வராமல் இருந்தால்தான் தாங்காது என்று நினைத்தார். நினைத்ததற்காக வெட்கப்பட்டார்.

திங்கட்கிழமை திம்மராயன் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுப் மாதப் பணம் வாங்க மூக்கண்டப்பள்ளியில் ஆஞ்சப்பன் வீட்டுக்கும் போய் வந்தான்.

"உங்க வூட்டம்மா பணத்த கரெக்டா எடுத்து வெச்சிருந்தாங்க சார். அந்தப் பொண்ணுங்க காபி போட்டுக் குடுத்தாங்க. நல்ல பொண்ணுங்க."

"எந்தப் பொண்ணுங்க?"

"முன் ரூமுக்கு வாடகைக்கு வந்திருக்காங்களே சார், மூணு பேரு. கம்பெனில டிரெயினிங்கு. ஆளுக்கு முந்நூறாம். முந்தாமாசமே கேட்டு வெச்சிருந்தாங்களாம், ரூமு காலியில்லன்னு அம்மா சொல்லிட்டாங்களாம். ஒண்ணாந்தேதி காலியாயிட்டதாம்."

மூன்று முந்நூறு தொள்ளாயிரம். டைம் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் கூட்டல் போட்டவருக்கு இதற்குக் காகிதம் தேவைப்படவில்லை. 'எப்ப?' என்ற கேள்வி இப்போதுதான் அவருக்கு முழுசாகக் கேட்டது. தவிக்க விடுகிறேன் என்று அவர் போய் நிற்பதற்கு ரொம்ப முன்னாலிருந்தே, இந்த நாற்காலியை எப்படிக் கிளப்புவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவர் தானாகப் போய்க் கிளம்பினார்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கேட்டுக்கு ஓடினார்.

"தொறய்யா!"

நல்லுசாமி எழுந்து நின்று சல்யூட் வைத்தான்.

"பாஸு சார்?"

"அவசரம்யா! வூட்டுக்குப் போவணும்."

"பாஸு சார்."

"யோவ், நான்யா! ஆஞ்சப்பன்!"

நல்லுசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மொகத்தப் பாக்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களே சார்," என்றான் மரத்தைப் பார்த்தபடி.

இருபத்தாறு வருஷத்தில் அவர் செய்த வேலைகளிலேயே இந்த ஒன்றுதான் இவ்வளவு சுத்தமாக அமைந்தது.

ஆக, வாழ்க்கையில் முதன்முறையாக ஆஞ்சப்பன் ஒரு அவுட்பாஸ் எழுதினார். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பெண்டாட்டி ஏமாற்றிவிட்டாள் என்று எழுத முடியாது. கடைசியில் 'சொந்த வேலை' என்று எழுதித் திம்மராயனிடம் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் பாஸ் திரும்பி வந்தது. குறுக்கே, எழுத்துக்கூட்டி எழுதிய பெரிய எழுத்தில், 'காரணம் போதாது' என்று இருந்தது. மை சிவப்பு. அந்தப் பொண்ணுகளில் ஒருத்தியிடம் வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது பாஸில் 'உடம்பு சரியில்லை' என்று எழுதினார். 'அங்கேயே நர்சம்மா இருக்காங்க' என்று வந்தது. கூடவே ஒரு சுக்குப் பொட்டலமும் வந்தது.

மூன்றாவது பாஸை எழுத இரண்டு நாள் ஆனது. மாமரத்தடியில் உட்கார்ந்து எழுதினார், அடித்தார், எழுதினார். முனிசாமி எட்டிப் பார்த்தார்.

"என்னாப்பா எழுதற?"

"காரணம்."

"எதுக்கோசரம் ரோசன? மனசுல இருக்கறத எழுது."

"அதத்தான் எழுதத் தெரியல பெரியவரே."

கடைசியில் எழுதினார். 'தனியாக இருக்க முடியவில்லை.' எழுதிய பிறகு அதைத் திரும்பிப் படிக்காமல் மடித்துக் கொடுத்துவிட்டார்.

வெள்ளி போனது, சனி போனது. பாஸ் திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை பஸ்ஸில் சரசம்மாவே வந்து இறங்கினாள். கையில் மஞ்சள் பை. மாமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து வேகவைத்த நிலக்கடலையை எடுத்து முந்தானையில் கொட்டினாள். உரித்து ஒன்று அவருக்கு, ஒன்று தனக்கு என்று ஆரம்பித்தாள்.

"ரூம வாடகைக்கு வுட்டியா?" என்றார் ஆஞ்சப்பன்.

"வுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"நீங்க கெளம்பறதுக்கு முன்ன எங்கிட்டக் கேட்டீங்களா? போலாம்னு இருக்கறேன்னு சொன்னீங்க. சரின்னேன்."

நியாயம் அவள் பக்கம் இருந்தது. ஆஞ்சப்பன் கடலையை மென்றார்.

"அவுட்பாஸுக்கு இப்பிடியா அலைய வுடுவ? கட்டின புருசன."

சரசம்மா தோலைக் கீழே போட்டாள். கேட்டைப் பார்த்தாள்.

"பையனுக்கு மூணு வயசு அப்ப," என்றாள். "காய்ச்சல்ல கண்ணு சொருகிடுச்சு. தூக்கிக்கினு கம்பெனி கேட்டுக்கு ஓடி வந்தேன். ஞாபகம் இருக்குதுங்களா?"

ஆஞ்சப்பன் வாய்க்குக் கொண்டுபோன கடலையைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நீங்க ஜன்னலுக்கு உள்ள இருந்தீங்க. நான் வெளிய. மேலாளரு சாப்படப் போயிருக்காரு, கையெழுத்துப் போட ஆளில்ல, டைம் ஆபீஸ்காரனே பாஸ் இல்லாம போனா மத்தவன் மதிப்பானா, நாப்பது நிமிசம் இருன்னு சொன்னீங்க. எவனோ ஒரு டெம்போக்காரன் எங்களக் கொண்டுபோயி ஆஸ்பத்திரில எறக்கிவுட்டான். அவன் பேருகூட எனக்குத் தெரியாது. அன்னிக்கு ராத்திரி நீங்க சோத்தப் பெசஞ்சிக்கினு என்ன சொன்னீங்க?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. இன்னைக்கு எனக்கே நான் பாஸ் எழுதிக்கல, தெரியுமா என்று பெருமையாகச் சொன்னார். அதற்குப் பிறகும் இருபத்திரண்டு வருஷம் அவள் சோறு போட்டாள், ஒரு நாளும் இதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தேவலை. இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள். வீட்டில் மூன்று ஷிப்டும் உட்கார்ந்திருந்தும் அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"தப்புத்தான் சரசா," என்றார். அப்படி ஒரு வார்த்தையை அவர் சொல்லிப் பழகியதில்லை.

சரசம்மா மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். அவர் அனுப்பிய மூன்றாவது பாஸ். அவர் எழுதிய காரணத்தை அடிக்கவில்லை. அதற்குக் கீழே, அதே கட்டத்துக்குள் இடுக்கிக்கொண்டு இன்னொரு வரி எழுதியிருந்தாள். 'எனக்கு ஒரு ஆளுக்குச் சமைக்க வரவில்லை.' திரும்பும் நேரம் மாலை ஐந்து என்று நிரப்பி, கையெழுத்தும் போட்டிருந்தாள்.

ஆஞ்சப்பன் இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை எழுத்து கலங்கித் தெரிந்தது.

"அந்தப் பொண்ணுங்க?" என்றார்.

"அதுங்க கம்பெனி கேன்டீன்ல சாப்புட்டுக்கும். பேச்சுத் தொணைக்கி சரி. வட்டல்ல சோறு போட்டு எதுக்க ஒக்கார ஆளில்ல. எந்திரிங்க, பத்து மணி பஸ்ஸு வந்துரும்."

நல்லுசாமி பாஸை வாங்கி, முகத்தைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்து, கேட்டைத் திறந்தான்.

வீடு மாறியிருந்தது. கொடியில் கலர் கலராகத் துணி. முன் அறைக் கதவில் பூட்டு, பொண்ணுகள் ஞாயிறு என்று ஊருக்குப் போயிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், நாற்காலி இருந்த இடத்தில் ஒரு பை. காலை ஷிப்டுக்கு எழுந்திருக்க வேண்டும் என்று சுவர்க்கடிகாரத்தை அவர்கள் கழற்ற விடவில்லையாம், அறைக்குள்ளேயே இருந்தது. ஆஞ்சப்பன் அடுப்படியிலேயே மணை போட்டு உட்கார்ந்தார். சூடான களி, அவரைக்கொட்டைக் குழம்பு. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, சாப்பிடும்போது எத்தனை பாஸைத் திருப்பினேன் என்று அவர் சொல்லவில்லை. முனிசாமி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைச் சொன்னார். சரசம்மா எதிரில் உட்கார்ந்து கேட்டாள். "அந்த ரூல மொதல்ல மாத்துங்க, பாவம்," என்றாள். "அந்த மனுசன் பேருக்கும் நானே கையெழுத்துப் போடறேன், திம்மராயன் கிட்ட சொல்லுங்க," என்றாள். பிறகு டெம்போக்காரனைப் பற்றி, பையனுடைய கடிதத்தைப் பற்றி, பக்கத்து வீட்டு நாராயணம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி. மணி போனதே தெரியவில்லை, கடிகாரமும் பூட்டிய அறைக்குள் இருந்தது.

சாப்பிட்டுப் படுத்தவர் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறவரை எழுப்ப மாட்டாள் என்று ஒரு கடைசித் திட்டம்.

"நாலாவுது. கெளம்புங்க."

"இன்னிக்கி ஒரு நாளு இங்கியே..."

"திரும்பற நேரம் அஞ்சுன்னு எழுதியிருக்குதில்ல?"

"எழுதினவ நீதானே! மாத்திக்கலாமே."

"கட்டம் போட்டது யாரு? பொண்ணுங்களுக்குப் பதினோரு மாசம் அக்ரிமெண்டு போட்டிருக்குது. வயசுப் பொண்ணுங்க இருக்கற வூடு, வேற ரூமு எங்க இருக்குது? அட்வான்ஸுல பாதி போனா யாரு குடுக்கறது?"

"அப்ப பதினோரு மாசம் கழிச்சி?"

"அப்ப பாக்கலாம். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து சாப்புட்டுட்டுப் பேசிட்டுப் போங்க. மூணு ஷிப்டும் எதுக்க ஒக்காந்திருந்தப்ப இவ்ளோ பேசலயே நீங்க."

தூக்குச்சட்டியில் முனிசாமிக்கும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டு சரசம்மாவும் கூடக் கிளம்பினாள். பஸ் இறங்கி இல்லம் வரைக்கும் முந்நூறு அடி நடக்க வேண்டும். மெதுவாகத்தான் நடந்தார்கள். இரண்டு தடவை நின்றும் பேசினார்கள். எதைப் பேசினார்கள் என்று பிறகு ஆஞ்சப்பனுக்கு நினைவில்லை. பேசியது மட்டும் நினைவிருந்தது.

கேட்டில் நல்லுசாமி பாஸை வாங்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான்.

"மணி அஞ்சி ஆறு சார்."

"அஞ்சு நிமிசம் மன்னிப்பு உண்டுய்யா!"

"ஆறாயிட்டுதே சார்," என்று ரிஜிஸ்டரை எடுத்து ஆஞ்சப்பன் சொல்லிக் கொடுத்தபடியே கோடு போட்டு எழுதினான். "அடுத்த வாரம் அரை நாளுதான். நீங்க எழுதிக் குடுத்ததுதான் சார்."

கேட் மூடிக்கொண்டது. ஆஞ்சப்பன் உள்ளே, சரசம்மா வெளியே. நடுவில் கம்பி. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரசா, நீயாச்சும் சொல்லேன். பொறுப்பாளரு நீதானே? உன்கூட நடந்து வந்துதானே லேட்டு?"

சரசம்மா உண்மையிலேயே யோசித்தாள்.

"காலைல அரை நாளா, மத்தியானம் அரை நாளா?"

"மத்தியானம், மத்தியானம்!" என்றார் அவசரமாக. "அப்பதானே சோறு!"

பாகலூர்ப் பக்கமிருந்து பஸ் ஹாரன் கேட்டது. சரசம்மா தூக்குச்சட்டியைக் கம்பி வழியாக உள்ளே நீட்டிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"காரணம் எழுதி அனுப்புங்க," என்றாள். "பாக்கறேன்."